கொழுக்கட்டைப் புல்: இங்கே மேய்ச்சல், அங்கே களை

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: "எங்கள் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் காட்டில்) கொழுக்கட்டைப் புல் மெலிந்துபோனால் விதை தேடி வாங்கிப் போடுகிறோம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே புல்லைக் கடப்பாரை போட்டுத் தோண்டி எடுக்கிறார்களாம், மருந்து அடிக்கிறார்களாம். இரண்டும் ஒரே புல்தானா? அந்த ஊர்ப் புல்வெளிக்கு இது அப்படி என்ன கெடுதல் செய்தது? நாங்களும் பயப்பட வேண்டுமா?" கேள்வி மூன்றாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். மாடு விரும்பித் தின்கிற, வறட்சியைத் தாங்குகிற, மண்ணைப் பிடித்து வைக்கிற ஒரு நல்ல புல் வேறொரு மண்ணில் எப்படிக் கெட்டதாகிறது என்பது. அதற்குப் பதில் சொல்ல, புல்லைப் பார்ப்பதைவிட இரண்டு புல் தூர்களுக்கு நடுவில் இருக்கும் வெற்று மண்ணைப் பார்க்க வேண்டும். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில், ஒரே புல்தானா? ஆம். செங்க்ரஸ் சிலியாரிஸ் என்ற ஒரே இனம். ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா வரை இயல்பாக வளர்வது. ஆங்கிலத்தில் பஃபல் கிராஸ் என்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கதிர் பாட்டில் கழுவும் பிரஷ் போல உருண்டு நீண்டு, இளம்பருவத்தில் கருஞ்சிவப்பாகவும் முற்றும்போது வைக்கோல் நிறமாகவும் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு உருண்டையையும் சுற்றி மெல்லிய மயிர்கள் இருக்கும்; அவை அடியில் மட்டும்தான் ஒட்டியிருக்கும், தொட்டால் குத்தாது. கதிரை விரலால் உருவி உருண்டைகளை உதிர்த்துவிட்டு, மிஞ்சும் தண்டைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அரிசோனாவில் இதையும், அழகுக்காக வளர்க்கும் ஃபவுண்டன் கிராஸையும் பிரித்தறிய இந்தச் சொரசொரப்பையே அடையாளமாகக் கொள்கிறார்கள். அடித்தண்டில் மண்ணை ஒட்டிக் கட்டையான, முடிச்சு முடிச்சான ஒரு தூர் இருக்கும். இந்தத் தூரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாடு எவ்வளவு ஒட்டக் கடித்தாலும் தீ எவ்வளவு எரிந்தாலும் புல் சாகாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள மொட்டுகளும் சேமித்த மாவுச்சத்தும்தான்.

இனம் ஒன்றுதான் என்றாலும் செடி ஒன்றல்ல. வட அமெரிக்காவில் பரவியிருப்பதில் பெரும்பகுதி, கென்யாவின் வடக்கே துர்கானா வறள்நிலத்திலிருந்து வந்த விதையில் தேர்ந்தெடுத்து 1940-களில் டெக்சஸில் பரப்பப்பட்ட டி-4464 என்ற ஒரே வகையின் வழிவந்தது. கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை வைக்கும். மகரந்தம் விழுந்தாலும் விதைக்குள் இருக்கும் கரு தாய்ச்செடியின் திசுவிலிருந்தே உருவாகும். அதாவது ஒவ்வொரு விதையும் தாயின் நகல். ஒரு தூர் ஒரு நிலத்துக்குப் பொருந்திவிட்டால் அதன் லட்சம் விதைகளும் அதே பொருத்தத்தோடு விழும். நம் கொறங்காட்டில் உயரமானது, படர்ந்தது, நீலம் பாரித்தது, மெலிந்தது எனக் கலந்து நிற்கும் உள்ளூர் ரகங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பரவியது வேகமாக வளர்வதற்காகவே தேர்ந்தெடுத்த ஒரே ஆள்.

இனி அது என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். மூன்று இடங்களில் மூன்று விதமாகச் செய்திருக்கிறது. இவற்றைக் குழப்பி ஒரே கதையாகச் சொல்வதால்தான் வாதம் கிளம்புகிறது.

தெற்கு டெக்சஸ் புல்வெளியும் புதரும் கலந்த நாடு. அங்கே இயல்பாக இருந்தவை தூர் தூராக வளரும் குட்டைப் புற்கள். நம் மயில்கொண்டைப் புல்லின் பேரினத்தைச் சேர்ந்த ஒன்று, தினையின் பேரினத்தைச் சேர்ந்த ஒன்று, இப்படிப் பல. ஒரு தூருக்கும் அடுத்த தூருக்கும் இடையில் ஒரு சாணோ இரண்டு சாணோ வெறும் மண் கிடக்கும். முதல் பார்வைக்கு வீணான இடம் போலத் தோன்றும். ஆனால் ஒருபருவப் பூஞ்செடிகள் முளைப்பது அங்கே. எறும்பும் வண்டும் சிலந்தியும் ஓடுவது அங்கே. காடைக்குஞ்சு தாயின் பின்னால் ஓடி அந்தப் பூச்சியைப் பொறுக்குவதும் அங்கேதான். பாப்வைட் என்ற அந்த ஊர்க் காடையின் குஞ்சு, பொரித்த முதல் வாரங்களில் பூச்சியை நம்பியே வளர்கிறது; அந்தக் குஞ்சால் அடர்ந்த புல்லுக்குள் நுழைந்து ஓட முடியாது. பண்ணையாளர்கள் புதர்க்காட்டை வேரோடு உழுதுவிட்டுக் கொழுக்கட்டையை விதைத்தார்கள். மழை கிடைத்த இடங்களில் தூர்கள் ஒன்றோடொன்று முட்டி, காய்ந்த தாள் இடையில் படிந்து, அந்த மண் மூடிக்கொண்டது.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. தெற்கு டெக்சஸில் நாட்டுப் புல் நிலங்களையும், கொழுக்கட்டையும் லேமன் லவ்கிராஸ் என்ற மற்றொரு ஆப்பிரிக்கப் புல்லும் ஆக்கிரமித்த நிலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நாட்டுப் புல் நிலத்தில் பறவைகளின் எண்ணிக்கை 32 விழுக்காடு அதிகம். தரையில் இரை தேடும் லார்க் ஸ்பேரோ என்ற குருவி 73 விழுக்காடு அதிகம். பூச்சி, சிலந்தி முதலிய கணுக்காலிகள் 60 விழுக்காடு அதிகம். இதில் தீ ஏதும் சம்பந்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இடைவெளி போனது, பூச்சி குறைந்தது, தரைப்பறவை குறைந்தது. அந்தப் பகுதிப் பண்ணைகளுக்குக் காடை வேட்டை உரிமத்தால் கிடைக்கும் வருமானம் சிறியதல்ல. மாட்டுக்காகப் புல் விதைத்தவர்களே பின்னர் அதை அகற்றும் வழி கேட்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? அன்றைக்கு அந்த இடங்களில் அந்த வேறுபாடு இருந்தது என்பது உறுதி. அந்த வேறுபாடு முழுவதையும் புல்லே செய்தது என்று அடித்துச் சொல்வது கடினம். ஏனென்றால் அயல்புல் நிற்கிற பல இடங்கள் அதற்கு முன்பே உழப்பட்டவை, அல்லது மிகையாக மேய்க்கப்பட்டவை. உழுததால் போன செடி எத்தனை, புல் வந்ததால் போனது எத்தனை என்று முழுக்கப் பிரித்துவிட முடியாது. பக்கத்துப் பக்க ஒப்பீடு எதற்கும் இந்தக் குறை உண்டு.

அந்தக் குறையை ஓரளவு போக்குவது அரிசோனாவின் டூசான் நகரை ஒட்டிய சாண்டா கேட்டலினா மலையடிவாரத்தில் நடந்த வேலை. அங்கே யாரும் உழவில்லை, விதைக்கவில்லை. புல் தானாக ஏறிய பாறைச் சரிவுகள் அவை. 1980 முதல் எடுக்கப்பட்ட வான்வழிப் படங்களை வரிசையாக வைத்து ஒவ்வொரு திட்டும் எப்போது தோன்றியது, எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கிட்டார்கள். இடத்துக்கு இடம் சுமார் இரண்டேகால் ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் திட்டுகளின் பரப்பு இரட்டித்திருந்தது. பிறகு வயது குறைந்த திட்டையும் முதிர்ந்த திட்டையும் ஒப்பிட்டபோது, திட்டு பழையதாக ஆக ஆக உள்ளே நாட்டுச் செடி இனங்களும் அவற்றின் பரப்பும் குறைந்துகொண்டே போயிருந்தன. அந்த இடங்கள் எரிந்தவை அல்ல. ஆகவே தீ இல்லாமலும் இந்தப் புல் ஒரு செடிக்கூட்டத்தை மாற்றிவிடும் என்பதை நான் உறுதியானவற்றின் பட்டியலில் வைக்கிறேன். மழை பெய்த சில நாளில் பச்சை பிடித்து, மேல்மண்ணின் ஈரத்தை மற்றவை எழுவதற்குள் குடித்துவிடுகிறது. நீருக்கான இந்தப் போட்டியே முக்கியக் காரணமாகத் தெரிகிறது.

தீ வந்தால் கதை இன்னும் மோசம். டூசான் இருக்கும் சொனோரா பாலைவனம் டெக்சஸ் போல் புல்வெளி அல்ல. கள்ளியும் குறுமரமும் தள்ளித்தள்ளி நிற்கிற நிலம். நடுவில் எரிவதற்கு எதுவும் இல்லாததால் மின்னல் விழுந்தாலும் ஒரு மரத்தோடு அணைந்துவிடும். அங்குள்ள செடிகளுக்குத் தீயைச் சமாளிக்கும் பழக்கமே இல்லை. கொழுக்கட்டை அந்த இடைவெளியை நிரப்பித் திரிபோல் ஒன்றோடொன்றை இணைக்கிறது. காய்ந்த தாள் ஓர் ஆண்டில் மக்கிப்போகாமல் நின்ற நிலையிலேயே சேர்ந்துகொண்டு போகும். எரிந்தால் சகுவாரோ என்ற அந்த ஆளுயரத்தைப் பலமடங்கு தாண்டிய கள்ளி வெந்து, சில சமயம் ஓரிரு ஆண்டு பச்சையாகவே நின்று, பிறகு சாகும். முதல் எட்டு ஆண்டில் ஒன்றரை அங்குலம்கூட வளராத செடி அது. கை விரிக்க ஐம்பது, எழுபது ஆண்டு எடுக்கும். புல்லோ தூரிலிருந்து அடுத்த மழையிலேயே தழைக்கும். எரிய எரியப் புல் கூடும், புல் கூடக்கூட எரியும். இந்தச் சுழற்சி டெக்சஸில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்குள்ள நாட்டுப் புற்கள் தீக்குப் பழகியவை. ஆகவே 'தீப்புல்' என்ற பட்டத்தை எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒட்டுவது சரியல்ல.

எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், அரசின் ஊக்கத்தோடு பாலைவனப் புதர்க்காட்டைத் தள்ளிவிட்டு மேய்ச்சலுக்காக இதை விதைத்தார்கள். அந்த மாநிலத்தின் நடுப்பகுதியில் மட்டும் 1973-ல் 7,700 எக்டேராக இருந்த கொழுக்கட்டை மேய்ச்சல் நிலம் 2000-ல் 1,40,000 எக்டேரைத் தாண்டியது என்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொன்று. அந்த நிலங்களின் மொத்தப் பசுமை உற்பத்தி, அழிக்காமல் விட்ட புதர்க்காட்டைவிடக் குறைவாக இருந்தது. புதர்க்காட்டில் வெவ்வேறு செடி வெவ்வேறு மழைக்கு, வெவ்வேறு ஆழத்து ஈரத்துக்குத் தழைக்கும். புல் ஒரே மழைக்காலத்தில் மட்டும் தழைத்து, மீதி ஆண்டெல்லாம் வைக்கோலாக நிற்கும். மாடு தின்னும் பொருள் கூடுகிறது, ஆனால் நிலத்தின் விளைச்சல் கூடுவதில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பது மேய்ச்சல் கணக்குப் போடும் எவருக்கும் முக்கியம்.

மத்திய ஆஸ்திரேலியாவுக்கு இது முதலில் தற்செயலாகத்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒட்டகங்களோடு வந்தவர்களின் சேணத்துக்குள் திணித்திருந்த வைக்கோலில் விதை இருந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பிறகு மேய்ச்சலுக்கும் புழுதியை அடக்கவும் தெரிந்தே விதைத்தார்கள். அங்கே அது முதலில் பிடித்த இடம் ஆற்றங்கரை வண்டலும் நீர் ஓடி நிற்கிற பள்ளங்களும். வறண்ட நாட்டில் அவைதான் வளமான இடங்கள். பஞ்சகாலத்தில் மற்ற உயிர்கள் ஒதுங்கும் இடங்களும் அவையே. அங்கு மட்டுமே வாழும் ஸ்லேட்டர்ஸ் ஸ்கிங்க் என்ற அரணை இனம் இடம் இழந்துவருகிறது. ஆற்றோரத்து நெடுமரங்களின் அடிவரை புல் போவதால் தீயும் மரத்தடி வரை போகிறது. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் உடும்பின் தடத்தைப் பார்க்க வெறும் மண் இல்லை, கிழங்கும் கனியும் இருந்த இடத்தில் புல்தான் நிற்கிறது என்று பல்லாண்டாகச் சொல்லிவருகிறார்கள். தடம் பார்க்க மண் இல்லை என்ற அந்தக் குறையும் இடைவெளி போனதைப் பற்றியதுதான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே ஒரே இடங்களை 28 ஆண்டுகள் திரும்பத் திரும்ப அளந்த ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. செடிக்கூட்டத்தில் மழையின் ஏற்ற இறக்கம் செய்த மாற்றத்தைவிட இந்தப் புல் செய்த மாற்றம் பெரிது என்பது அதன் முடிவு. வறள்நிலத்தில் மழைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இது கனமான சான்று. பக்கத்துப் பக்க ஒப்பீட்டுக்கு மேலே சொன்ன குறையும் இதற்குக் கிடையாது. ஒரே இடம், நீண்ட காலம்.

ஆனால் ஆஸ்திரேலியா முழுதும் ஒரே குரலில் பேசுவதில்லை. குயின்ஸ்லாந்தின் மாட்டுப் பண்ணைகள் பல இந்தப் புல்லை நம்பியே நடக்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியா 2015-லும் வட ஆட்சிப்பகுதி 2024-லும் இதைக் களையாக அறிவித்தன. அரிசோனா 2005-லேயே அறிவித்துவிட்டது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஒருவருக்குத் தீவனம், மற்றவருக்குக் களை. இருவரும் தங்கள் நிலத்தைப் பொறுத்தவரை உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சந்தேகத்துக்கு இடமானவற்றையும் சொல்ல வேண்டும். இந்தப் புல் வேரிலிருந்து நஞ்சை விட்டு மற்ற செடிகளைக் கொல்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். தழைச்சாற்றை ஊற்றி ஆய்வகத்தில் முளைப்பைத் தடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. வயலில் நீர்ப்போட்டி, நிழல், படிந்த தாள் ஆகியவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். என் பார்வையில் இந்தக் காரணம் தேவைப்படவே இல்லை. மற்ற மூன்றுமே போதும். அடுத்தது, மாட்டை விட்டு மேய்த்தால் அடங்கும் என்பது. தின்றால் எரிபொருள் குறையும், அது உறுதி. ஆனால் புல் சாகாது. பக்கத்தில் மென்மையான நாட்டுப் புல் இருந்தால் மாடு அதைத்தான் முதலில் தேடும். கொழுக்கட்டை தப்பித்து வலுக்கும். விதையும் மாட்டின் மயிரில் ஒட்டி அடுத்த வேலிக்குப் போகும். சில இடத்தில் பயன், சில இடத்தில் கேடு. மூன்றாவது, தாய்நாட்டில் ஏன் இது ஊரை அழிப்பதில்லை என்பது. மேய்ச்சல் அழுத்தம், உள்ளூர்ப் பூச்சி நோய், கூடவே பரிணமித்த அண்டைச் செடிகள், கலப்பு ரகங்கள் என நான்கு விளக்கங்கள் உண்டு. நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எது எவ்வளவு என்று யாரும் பிரித்துத் தரவில்லை.

இதையொட்டி ஒரு செய்தி. டெக்சஸில் இப்போது அடர்ந்து பரவி மற்றதை நசுக்குவதாகப் புகார் எழுந்துள்ள புற்களில் ஒன்று டேங்கிள்ஹெட். நம் ஊரில் நடக்கும்போது வேட்டியில் குத்தி ஏறுமே, அந்த ஊசிப்புல் இனம்தான். ஆனால் அது டெக்சஸுக்கும் இயல்பான நாட்டுப் புல். எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அளவுகோல் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இடைவெளியை யார் மூடினாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்.

அங்கே எப்படி அகற்றுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையால் எடுப்பதற்கு ஒன்றரை மீட்டர் கடப்பாரை போதும். தூரின் அடியில் சாய்வாகக் குத்தி நெம்பி, முடிச்சுத் தூர் முழுதும் வெளிவரும்படி எடுக்க வேண்டும். மேலே பிடித்து இழுத்தால் தாள் கையோடு வரும், தூர் மண்ணில் தங்கும், இரண்டு வாரத்தில் தளிர்க்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறு இதுதான். எடுத்த குழியின் மண்ணைத் திருப்பித் தள்ளி மிதித்துவிட வேண்டும். கிளறிய மண் விதை முளைக்கத் தொட்டில் போல ஆகிவிடும். கதிர் இருந்தால் தோண்டுவதற்கு முன்பே அறுத்துப் பைக்குள் போட வேண்டும்; தோண்டும் அதிர்ச்சியிலேயே உருண்டைகள் உதிரும்.

பரப்பு பெரிதானால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. டூசான் பக்கம் வழக்கமாகக் கரைசலில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மருந்து, அதாவது லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மில்லி. இங்கே அளவைவிட நேரம் முக்கியம். இந்த மருந்து பச்சை இலை வழியாகத் தூருக்கு இறங்க வேண்டும். தாளில் பாதிக்கு மேல் பச்சை இல்லாவிட்டால் அடித்த மருந்து வீண். அவர்களுக்கு அந்த வாய்ப்பு கோடை மழை பெய்யும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் சில வாரங்கள்தான். மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை. பழைய காய்ந்த தாள் மூடியிருந்தால் மருந்து அதிலேயே நின்றுவிடும். செத்த புல்லும் தாளாக நின்று எரியும் என்பதால் முதல் ஆண்டு மருந்தடித்த சரிவு தீ அபாயத்திலிருந்து உடனே விடுபடுவதில்லை. மண்ணில் விழுந்த விதை மூன்று நான்கு ஆண்டு உயிரோடிருக்கும். ஆகவே ஒருமுறை எடுத்துவிட்டு விட்டுவிட்டால் முதல் நல்ல மழைக்கு நாற்று கம்பளம் போல் எழும். ஆண்டுதோறும் திரும்பப் போய் நாற்றை எடுத்தால்தான் நான்காம் ஐந்தாம் ஆண்டில் தேய்வது தெரியும்.

புல்வெளியாகவே மீட்பது இதைவிடக் கடினம். டெக்சஸில் ஒன்றிரண்டு பருவம் உழவும் மருந்தும் மாறி மாறிக் கொடுத்து, பிறகு நாட்டுப் புல் விதையைச் சதுர அடிக்குச் சுமார் 20 உயிருள்ள விதை என்ற கணக்கில் விதைக்கிறார்கள். தோற்பதற்குக் காரணம் இரண்டு. கொழுக்கட்டையை மட்டும் கொன்று நாட்டுப் புல்லை விட்டுவைக்கும் மருந்து இல்லை, இரண்டும் புல்தான். அடுத்தது விதை. வேறு மாநிலத்து விதையைப் போட்டால் அந்த வெயிலில் நிற்காது. அதற்காகவே கிங்ஸ்வில் நகரிலுள்ள சீசர் கிளெபர்க் வனவிலங்கு ஆய்வு நிறுவனம் 'சவுத் டெக்சஸ் நேட்டிவ்ஸ்' என்ற திட்டத்தில் உள்ளூர்ப் புற்களின் விதையைச் சேர்த்துப் பெருக்கி, சந்தைக்குக் கொண்டுவந்தது. புல்லைக் கொல்லும் வேலையைவிட இந்த விதை வேலைதான் பாராட்டுக்குரியது என்று நினைக்கிறேன்.

கடைசியாக உங்கள் பயம். கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் அயலார் அல்ல. முள்ளுக்கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், அடியில் கொழுக்கட்டையும் கூடவே படரும் பயற்றினச் செடிகளும் என்று அந்த அமைப்பே அதைச் சுற்றி உருவானது. வேலி அடைத்து மாறி மாறி மேய்ப்பதும், சில ஆண்டுக்கு ஒருமுறை உழுவதும் தூர்களுக்கு நடுவே மண்ணைத் திறந்து வைக்கின்றன. நீங்கள் பயப்பட வேண்டியது சீமைக்கருவேலத்துக்கு. மேய்ச்சலை நிறுத்திய கொறங்காட்டில் முதலில் ஏறுவது அதுதான். மெலிந்த இடத்துக்கு விதை வேண்டுமென்றால் பக்கத்துக் காட்டின் முற்றிய கதிரைக் கையால் உருவிச் சேருங்கள்; வெளிநாட்டுத் தேர்வு ரகம் தேவையில்லை. உருவிய விதையை உடனே போடாமல் சில மாதம் வைத்திருந்து போடுங்கள், புது விதைக்கு உறக்கம் உண்டு. தனிப்பயிராகப் போடுவதென்றால் எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ. இடைவிதைப்புக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஆழம் போனால் முளைக்காது, மேலாகத் தூவி முள்கிளையால் ஒருமுறை இழுத்துவிட்டாலே போதும்.

இரண்டு இடத்துக்கு மட்டும் இந்த விதை போகக் கூடாது. ஒன்று, அரிசோனா, டெக்சஸ், ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தபந்தத்தின் தோட்டம். ஊர்ப்புல் என்று ஆசையாகக் கேட்டாலும் கொடுத்தனுப்பாதீர்கள். அங்கே சட்டப்படியும் குற்றமாகலாம். மற்றொன்று, மாடு மேயாத காப்புக்காடும் மலைப் புல்வெளியும். நீலகிரிப் புல்வெளி ஏற்கெனவே கிழக்கு ஆப்பிரிக்கக் கிக்குயூ புல்லோடும் வாட்டில் மரத்தோடும் போராடிக்கொண்டிருக்கிறது. கொழுக்கட்டை அந்தக் குளிரில் நிலைக்காது என்றாலும், பசுமையாக்க வெளிப்புல்லை விதைக்கும் பழக்கமே அங்கே வேண்டாதது.

உங்கள் நிலத்தின் நிலையைப் பார்க்காமல் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்களே அளந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. காட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கி நூறு காலடி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு காலடியிலும் செருப்பு நுனி தொடுவது எது என்று மட்டும் குறியுங்கள்: கொழுக்கட்டையா, வேறு செடியா, வெற்று மண்ணா, காய்ந்த தாளா. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தைக்குப் பின் ஒருமுறை, ஒவ்வோர் ஆண்டும் அதே வழியில். எது கூடுகிறது, எது குறைகிறது என்பதைப் பாருங்கள். கொழுக்கட்டையும் தாளும் ஏறி, வேறு செடியும் மண்ணும் இறங்கிக்கொண்டே போனால் அந்தப் பக்கம் மாடு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்ச நாள் மாட்டை அங்கே அடையுங்கள், அல்லது அந்தத் துண்டை மட்டும் உழுது கொள்ளோ சோளமோ ஒரு போகம் எடுங்கள். மண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் மாடு அதிகம். கதிர் முற்றி விதை உதிரும் வரை வேலியைப் பூட்டி வையுங்கள்.